மிஸ்டர் மொரேல் அண்ட் த பிக் ஸ்டெப்பர்ஸ்: கென்ட்ரிக் லமாரின் ரசிகர்கள் ஏன் இரு பக்கமாகப் பிரிந்தார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மே 13 அன்று கென்ட்ரிக் லமார் வெளியிட்ட இரட்டை ஆல்பம் 'மிஸ்டர் மொரேல் அண்ட் த பிக் ஸ்டெப்பர்ஸ்'. வெளிவந்த நாளிலிருந்தே அவருடைய ரசிகர்களில் ஒரு சாரார் இதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். இன்னொரு சாரார் மனம் கசந்து விலகினார்கள். இன்றைக்குப் புதிதாக இதைக் கேட்க வருகிறவர்களும் கிட்டத்தட்ட அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நண்பர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். இந்த ஆல்பத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். அதில் ஓரிடத்தில் அவர் பெரிய தவறு செய்தார் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் மறைக்கவில்லை.

கென்ட்ரிக் லமாரின் பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். ரசிகர்கள் இப்படி மோதிக்கொள்ளும் அளவுக்கு அவர் யார்?

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே உள்ள காம்ப்டன் நகரில் 1987-ல் பிறந்தவர். 2012-ல் வந்த 'குட் கிட், மேட் சிட்டி', அந்த ஊரில் வளரும் ஒரு பையனின் வாழ்க்கையைத் திரைப்படம்போலக் காட்சி காட்சியாகச் சொன்னது. 2015-ல் வந்த 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை', ஜாஸையும் ஃபங்க்கையும் பிசைந்து கறுப்பின அமெரிக்காவின் காயத்தையும் பெருமையையும் ஒரே மூச்சில் பாடியது. அதிலுள்ள 'ஆல்ரைட்' பாடலைக் காவல்துறை வன்முறைக்கு எதிரான ஊர்வலங்களில் மக்கள் முழக்கமாக எழுப்பினார்கள். 2017-ல் வந்த 'டேம்' ஆல்பத்துக்கு அடுத்த ஆண்டு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசைப் பெற்ற முதல் படைப்பு அதுதான்.

ஆக, 2022 வரும்போது அவரை வெறும் ராப் பாடகராக மட்டும் பார்த்தவர்கள் குறைவு. வழிகாட்டி, ஒரு தலைமுறையின் மனச்சாட்சி, தீர்க்கதரிசி என்றெல்லாம் பேசினார்கள். பிளவின் விதை அந்தப் பேச்சில்தான் கிடந்தது.

'டேம்' ஆல்பத்துக்குப் பிறகு ஏன் ஐந்து ஆண்டு இடைவெளி?

முதல் பாடலான 'யுனைட்டெட் இன் க்ரீஃப்' தொடங்கிய சில நொடிகளிலேயே அவர் கணக்குச் சொல்லிவிடுகிறார்: 1,855 நாட்களாக ஏதோ ஒன்றைக் கடந்துகொண்டிருக்கிறேன் என்கிறார். 'டேம்' வெளிவந்த 2017 ஏப்ரல் 14-லிருந்து எண்ணிப் பாருங்கள், நாள் பிசகாமல் வரும். மூன்றாவது பாடலில், இரண்டு ஆண்டுகள் எதையும் எழுத முடியாமல் கிடந்ததாகச் சொல்கிறார். இதற்கிடையில் அவர் தந்தையானார், மனநல ஆலோசனைக்குப் போனார்.

வெளியுலகம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்கத் தெருக்கள் கொதித்தபோது, 'ஆல்ரைட்' மறுபடியும் ஒலித்தது. அதைப் பாடியவர் ஏன் பேசவில்லை என்று பலர் கேட்டார்கள். அந்த ஜூன் மாதம் காம்ப்டனில் நடந்த அமைதி ஊர்வலத்தில் அவர் நடந்தார். அது போதவில்லை என்றார்கள். இந்தக் காத்திருப்பின் பாரம் முழுவதும் 2022-ல் வந்த ஆல்பத்தின் மேல் இறங்கியது.

ஆல்பம் எப்படி அமைந்திருக்கிறது?

மொத்தம் 18 பாடல்கள், சுமார் 73 நிமிடங்கள். ஒன்பது ஒன்பதாக இரண்டு வட்டுகள்: முதலாவது 'பிக் ஸ்டெப்பர்ஸ்', இரண்டாவது 'மிஸ்டர் மொரேல்'. உள்ளே ஒரு மனநல ஆலோசனையின் நடை ஓடுகிறது. முதலில் மழுப்பல், பிறகு கோபம், பிறகு அழுகை, கடைசியில் கொஞ்சம் வெளிச்சம். அவருடைய வாழ்க்கைத் துணை விட்னி ஆல்ஃபர்டின் குரல் இடையிடையே வந்து, உண்மையைச் சொல் என்று அவரை உந்துகிறது. ஆன்மிக எழுத்தாளர் எக்ஹார்ட் டோலேயின் குரலும் வருகிறது.

காதுள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, பாடல்களுக்கு நடுவே கேட்கும் காலடித் தாளம். டாப் நடனக் கலைஞர்கள் ஷூவைத் தரையில் தட்டி எழுப்பும் ஒலி அது. ஆங்கிலத்தில் பேச்சை நேராகப் பேசாமல் சுற்றி வளைப்பதை அந்த நடனத்தோடு ஒப்பிடுவார்கள். 'வி க்ரை டுகெதர்' முடியும் இடத்தில், சுற்றிச் சுற்றி ஆடுவதை நிறுத்து என்று விட்னி சொல்கிறார். அதைக் கேட்ட பிறகு முதலிலிருந்து மறுபடி கேளுங்கள். அந்தக் காலடி ஒவ்வொன்றும் ஒரு மழுப்பலாகக் கேட்கும்.

பிடிக்காதவர்கள் சொல்லும் குறை என்ன?

எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பது நியாயமில்லை. இசைக்காகக் குறைபட்டவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு இதில் தாளம் போதவில்லை. பியானோ ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், நடுவில் நின்றுபோகும் தாளம். காரில் போட்டுக் கேட்க இரண்டு மூன்று பாடல்கள்தான் தேறும் என்றார்கள். 'என்95', 'டை ஹார்ட்', 'சைலன்ட் ஹில்' ஆகியவற்றைத் தாண்டினால் மறுபடி கேட்கத் தோன்றவில்லை என்பது அவர்கள் வாதம். இதை நான் மறுக்க மாட்டேன். 'க்ரவுன்' பாடலில் நான்கு நிமிடங்களுக்கு மேல் பியானோ ஓட, பல்லவியில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: எல்லோரையும் என்னால் திருப்திப்படுத்த முடியாது. என்னை அது கட்டிப்போடுகிறது. இன்னொருவருக்கு அலுப்புத் தட்டினால் அவர் காது பழுது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அறம் சார்ந்து எதிர்த்தவர்கள் இன்னொரு வகை. ராப் பாடகர் கோடக் பிளாக்கை ஏன் சேர்த்தார், திருநர் பற்றிய பாடலில் வசைச் சொல்லை ஏன் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று கேட்டவர்கள். இவர்களுடைய கேள்விகள் கனமானவை. கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

மூன்றாவதாக, வாய்விட்டுச் சொல்லாத ஒரு வருத்தமும் இருந்தது. எங்கள் கென்ட்ரிக் இப்படிப்பட்டவரா என்ற வருத்தம். துணைக்குத் துரோகம் செய்ததையும், காமத்துக்கு அடிமையாக இருந்ததையும், பணம் வந்ததும் துக்கத்தை மறைக்கப் பொருள்களாக வாங்கிக் குவித்ததையும் அவரே சொல்கிறார். வீட்டுச் சுவரில் படமாக மாட்டியிருந்த மனிதர் இறங்கிவந்து, நான் இன்னின்ன செய்தேன் என்று எதிரே உட்கார்ந்து சொன்னால் எப்படி இருக்கும்? இசை பிடிக்கவில்லை என்று சொன்னவர்களிலும் பலருக்கு உள்ளே உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அவருடைய முந்தைய ஆல்பங்களும் முதலில் இப்படித்தானே பிரித்தன? காலம் போனால் சரியாகிவிடும் அல்லவா?

'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' வந்தபோதும் முனகல் இருந்தது. 'குட் கிட்' போலவே இன்னொன்றை எதிர்பார்த்தவர்களுக்குத் தண்டர்கேட்டின் பேஸ் கிட்டாரும் கமாசி வாஷிங்டனின் சாக்ஸபோனும் அதிகமாகத் தோன்றின. இன்று அதைத் தவிர்த்துவிட்டு அந்தப் பத்தாண்டின் இசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனாலும் இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்குச் சம்மதமில்லை. 2015-ல் கேட்பவரிடம் அவர் கேட்டது காதைப் பழக்கிக்கொள்ளும் பொறுமையை. இசை பழகியதும் மனமும் சேர்ந்துகொண்டது, ஏனென்றால் அந்த ஆல்பம் நமக்காகப் பேசியது. 2022-ல் வந்தது நமக்காகப் பேசவில்லை. கடைசிப் பாடலான 'மிரர்', நான் என்னைத் தேர்ந்தெடுத்தேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லி விடைபெறுகிறது. ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களிடம் இப்படிச் சொன்ன ஆல்பத்தை எல்லோரும் ஒரு நாள் ஏற்றே தீர வேண்டும் என்று என்ன கட்டாயம்?

கோடக் பிளாக் விவகாரம் என்ன?

கோடக் பிளாக் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ராப் பாடகர். தென் கரோலினாவில் 2016-ல் ஒரு பதின்வயதுப் பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2021-ல், அதைவிடக் குறைவான தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கென்ட்ரிக்கின் ஆல்பத்தில் அவர் குரல் வருகிறது. ஏதோ ஒரு பாடலில் வந்து போகும் விருந்தாளியாக வரவில்லை. முதல் வட்டில் கதைசொல்லிகளில் ஒருவராக, ஒரு இடைப்பாடல் முழுவதையும் தாங்குகிறவராக, இரண்டாம் வட்டின் 'சைலன்ட் ஹில்' பாடலில் பங்காளியாக வருகிறார்.

ஆதரித்தவர்கள் சொன்னது இது: ஆல்பத்தின் பொருளே தலைமுறை தலைமுறையாக இறங்கும் காயம், காயப்பட்டவன் காயப்படுத்துகிறான், அந்தச் சங்கிலியைக் காட்ட, குற்றத்தின் கறை படிந்த ஒருவரையே கூடத்தில் உட்காரவைக்கிறார். நல்லவர்களை மட்டும் அழைத்து மன்னிப்பைப் பற்றிப் பேசுவதில் என்ன அர்த்தம்? 'சேவியர்' பாடலில் கென்ட்ரிக்கே தன்னைக் கோடக்குக்கு நெருக்கமாக வைத்துக்கொள்கிறார்.

இந்த வாதம் பாதி தூரம் வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. இதே ஆல்பத்தில் 'மதர் ஐ சோபர்' இருக்கிறது. பாலியல் வன்முறை ஒரு குடும்பத்தை எப்படிப் பல தலைமுறைக்கு ஊனமாக்குகிறது என்பதை அதைவிட நெஞ்சைப் பிழியச் சொன்ன ராப் பாடல் எனக்குத் தெரியாது. அந்தப் பாடல் தாயின் பக்கம் நிற்கிறது, அடிபட்டவரின் பக்கம் நிற்கிறது. அப்படியானால் கோடக்கின் வழக்கில் அடிபட்டவர் எங்கே? ஆல்பத்தில் கோடக் தன் குற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வறுமையிலிருந்து மேலே வந்த கதையைச் சொல்கிறார். மனம் வருந்துவதைக் காட்டாமல் மன்னிப்பின் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்தால், கேட்கிற பெண்கள் என்ன உணர்வார்கள் என்று கென்ட்ரிக் யோசித்திருக்க வேண்டும். இதனால் ஆல்பத்தையே மூடிவைத்துவிட்ட தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். திரும்பக் கேள் என்று அவர்களிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை.

'வி க்ரை டுகெதர்' பாடலை ஏன் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்?

அது ஒரு வீட்டுச் சண்டை. நடிகை டெய்லர் பேஜும் கென்ட்ரிக்கும் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையால் கிழிக்கிறார்கள். இசைத் தயாரிப்பாளர் அல்கெமிஸ்ட் அமைத்த பியானோச் சுழற்சியின் மேல், எதுகை பிசகாமல், மூச்சு இரைக்க. பக்கத்து வீட்டில் இப்படிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடம்பு நடுங்கும். நானும் முதல் தடவை நிறுத்திவிட்டேன். கலையாக அது அபாரம், தினமும் கேட்கிற பாட்டு அல்ல. குழந்தைகள் இருக்கும் அறையில் போடாதீர்கள்.

'ஆன்ட்டி டைரீஸ்' திருநருக்கு ஆதரவான பாடலா, எதிரான பாடலா?

ஆதரவான பாடல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை எதிர்த்த திருநர் ரசிகர்களின் கோபமும் பொய்யல்ல.

பாடல் இரண்டு உறவினர்களைப் பற்றியது. ஒருவர், பெண்ணாக அறியப்பட்டு ஆணாக வாழத் தொடங்கிய திருநம்பி. சிறுவன் கென்ட்ரிக் மலைத்துப் பார்த்த மனிதர். இன்னொருவர், கூட விளையாடி வளர்ந்த, பிறகு திருநங்கையாகத் தன்னை அறிவித்துக்கொண்ட உறவினர். பாடல் சிறுவனின் வாயிலிருந்து தொடங்குகிறது. அந்த வயதில் அவனும் நண்பர்களும் விளையாட்டாகச் சொல்லித் திரிந்த வசைச் சொல் அப்படியே வருகிறது, பல முறை வருகிறது. உறவினரின் பழைய பெயரும் வருகிறது. வளர வளரச் சொற்களும் மாறுகின்றன. உச்சம் தேவாலயத்தில். போதகர் எல்லோர் முன்னிலும் அந்தத் திருநங்கையைச் சுட்டிப் பேச, கென்ட்ரிக் எழுந்து நின்று எதிர்க்கேள்வி கேட்கிறார். மதத்தைவிட மனிதத்தைத் தேர்ந்தெடுத்த நாள் அது என்கிறார். கீழிருந்து மெல்ல மெல்ல ஏறிவரும் இசை அந்த இடத்தில் உடைந்து வெள்ளமாகப் பாய்கிறது.

பிறகு கடைசி அடி. 2018-ல் அலபாமாவில் நடந்த ஹேங்அவுட் இசைவிழாவில், மேடைக்கு அழைத்த ஒரு வெள்ளைக்கார ரசிகை பாடலோடு சேர்ந்து கறுப்பினத்தவரை இழிக்கும் சொல்லையும் பாடியபோது அவர் தடுத்து நிறுத்தினார். பாடலில் உறவினர் அதை நினைவூட்டுகிறார்: அவள் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்றால், எங்களைக் குறிக்கும் வசையை நீ மட்டும் எப்படிச் சொல்லலாம்?

திருநர் ரசிகர்களில் சிலர் கண்ணீரோடு நன்றி சொன்னார்கள். ராப் இசையின் உச்சியில் இருக்கும் ஒருவர் தங்களை மனிதர்களாகப் பாடியது அவர்களுக்குப் பெரிய விஷயம். வேறு சிலர் சொன்னார்கள்: எங்கள் பழைய பெயரையும் அந்த வசையையும் கேட்டுக் கேட்டுத்தான் புண்பட்டிருக்கிறோம், அதைச் சொன்னவன் திருந்திய கதைக்கு எங்கள் புண்தானா மேடை? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வசை இல்லாமல் பாடல் உண்மையாக இருந்திருக்காது என்று மட்டும் எனக்குப் படுகிறது. அந்தச் சொல் யார் உடம்பில் விழுகிறதோ அவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அட்டைப்படத்தில் முள்முடி அணிந்திருக்கிறாரே, அது தன்னைக் கடவுளாகக் காட்டிக்கொள்வது ஆகாதா?

படத்தைக் கூர்ந்து பாருங்கள். ரெனெல் மெட்ரானோ எடுத்தது. முள்முடியோடு மகளைத் தூக்கி நிற்கிறார்; இடுப்பில் துப்பாக்கி செருகியிருக்கிறது; பின்னால் கட்டிலில் விட்னி இன்னொரு குழந்தையை ஏந்தியிருக்கிறார். அவர்களுக்கு இரண்டாவது குழந்தை இருப்பதே அந்தப் படத்தால்தான் பலருக்கும் தெரிந்தது. சுமத்தப்பட்ட முடி, காக்க வேண்டிய குடும்பம், இன்னும் போகாத பயம் என்று நான் அதைப் படிக்கிறேன்.

'சேவியர்' பாடலின் தொடக்கத்திலேயே, கென்ட்ரிக் உங்களைச் சிந்திக்கவைத்தான், ஆனால் அவன் உங்கள் மீட்பன் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறார். ராப் பாடகர்கள் ஜே. கோல், ஃபியூச்சர், கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோரையும் அதே வரிசையில் வைக்கிறார். இவ்வளவு சொல்லியும் முள்முடியை அவர் கழற்றவில்லை. 2022 ஜூன் 26 அன்று இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையில் வைரம் பதித்த முள்முடியோடு வந்தார். நெற்றியிலிருந்து இரத்தம் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. கருக்கலைப்பு உரிமையைக் காத்துவந்த பழைய தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்துசெய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பெண்களின் உரிமை வெல்க என்று அவர் திரும்பத் திரும்ப ஓங்கிக் குரல் கொடுத்துவிட்டு மேடையை விட்டு வெளியேறினார். மீட்பன் இல்லை என்றவர் மீட்பனின் கோலத்தில் நின்றது முரண்தான். மனிதர் அந்த ஆசையை இன்னும் முழுவதும் விடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, அதையும் அவர் ஒளிக்கவில்லை.

'மதர் ஐ சோபர்' பற்றி எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்களே, ஏன்?

பிடிக்காதவர்கள்கூடக் கை வைக்கத் தயங்கும் பாடல் அதுதான். பின்னணியில் பெரும்பாலும் பியானோதான். போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பெத் கிப்பன்ஸ், நான் வேறு யாராகவாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கும் பல்லவியைப் பாடுகிறார். கென்ட்ரிக் கிட்டத்தட்ட முணுமுணுக்கிறார்.

அவர் சொல்வது இது. ஐந்து வயதில் தாயை அடிப்பதைக் காதால் கேட்டும் எதுவும் செய்ய முடியாமல் நின்றது. பிறகு, ஓர் உறவினன் உன்னைத் தவறாகத் தொட்டானா என்று வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்டது. இல்லை என்று அவர் சொன்ன உண்மையை யாரும் நம்பாதது. அந்தக் கேள்வி ஏன் அத்தனை அழுத்தத்தோடு வந்தது என்பது பின்னாளில் புரிகிறது: தாய்க்கு அது நடந்திருக்கிறது. தனக்கு நேர்ந்தது பிள்ளைக்கும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் தாய் நெஞ்சில் குடியிருந்திருக்கிறது. நடக்காத ஒன்றின் நிழல்கூட ஒரு சிறுவனை ஆண்டுக்கணக்கில் துரத்தும். அங்கிருந்து தன் துரோகங்களுக்கு வருகிறார், அடிமைப்பட்ட மூதாதையர் வரை போகிறார், கடைசியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விடுவிக்கிறார். முடிவில் விட்னி, தலைமுறைச் சாபத்தை உடைத்துவிட்டாய் என்கிறார். மகளின் சின்னக் குரல் அப்பாவுக்கு நன்றி சொல்கிறது.

முதல் வட்டில் இருக்கும் 'ஃபாதர் டைம்' இதற்குத் துணைப் பாடல். மனநல ஆலோசனைக்குப் போ என்று விட்னி சொல்ல, ஆண்பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு என்று அவர் எரிந்துவிழுவதில் அது தொடங்குகிறது. அதில் ஒரு காட்சி: தந்தை, தன் தாய் இறந்த உடனேயே வேலைக்குக் கிளம்புகிறார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று மகன் கேட்க, வாழ்க்கை இதுதான், கட்ட வேண்டிய பணம் காத்திருக்காது என்கிறார். என் தாத்தாவின் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அப்பா கடைக் கதவைத் திறந்தது என் கண்முன் வந்தது. காம்ப்டனை நான் பார்த்ததில்லை. அந்த அப்பாவை எனக்குத் தெரியும்.

வணிகரீதியாக இது தோல்வியா?

இல்லை. முதல் வாரத்தில் அமெரிக்காவில் சுமார் 2.95 லட்சம் பிரதிகளுக்கு இணையான விற்பனையோடு பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அங்கே முதலிடம் பெற்ற அவருடைய நான்காவது ஆல்பம் இது. ஆனால் 'டேம்' முதல் வாரத்தில் 6.03 லட்சம் கண்டது. பாதியாகக் குறைந்ததே ஏமாற்றத்துக்குச் சான்று என்றார்கள் எதிர்ப்பக்கத்தில். 2023-ல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டினார்கள், ஆனால் மேலே சொன்ன முந்தைய மூன்று ஆல்பங்களுக்கும் பத்துக்கு ஒன்பதைத் தாண்டி மதிப்பெண் தந்த பிட்ச்ஃபோர்க் இதழ் இதற்கு 7.6-தான் கொடுத்தது. அந்த எண்ணை வைத்து ரசிகர்கள் எத்தனை இரவு வாதாடினார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

'த ஹார்ட் பார்ட் 5' பாடலைத் தேடினேன். அது ஆல்பத்தில் இல்லையா?

முதலில் இல்லை. ஆல்பத்துக்கு ஐந்து நாள் முன்பு முன்னோட்டமாக வந்த தனிப்பாடல் அது. கூடுதல் பாடலாகப் பிற்பாடு சேர்த்தார்கள். மார்வின் கேயின் 1976-ஆம் ஆண்டுப் பாடலின் இசைத்துணுக்கின் மேல் பாடுகிறார். காணொளியில் அவர் முகம் ஓ.ஜே. சிம்ப்சன், கான்யே வெஸ்ட், வில் ஸ்மித், கோபி பிரையன்ட் என்று பிரபலங்களின் முகங்களாக மாறிக்கொண்டே போய், 2019-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ராப் பாடகர் நிப்சி ஹஸ்ஸலின் முகத்தில் முடிகிறது. அதைப் பார்த்துவிட்டு இன்னொரு 'பட்டர்ஃப்ளை' வரப்போகிறது என்று நம்பி வந்தவர்களின் ஏமாற்றம் இரட்டிப்பாகிவிட்டது.

அமெரிக்கப் பேச்சுமொழி எனக்கு வேகத்தில் புரிவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு 'ஃபாதர் டைம்' கேளுங்கள்; அதில் பாடும் சம்ஃபாவின் குரல் உங்களை உள்ளே இழுத்துவிடும். அடுத்து 'கவுன்ட் மீ அவுட்'. அது பிடித்துவிட்டால் முதல் பாடலிலிருந்து வரிசையாகப் போங்கள். வரிசையை மாற்றாதீர்கள், முதல் தடவையாவது. 'மதர் ஐ சோபர்' பாடலைத் தனியாக எடுத்துக் கேட்பது, பதினாறு படி ஏறாமல் பதினேழாம் படியில் காலை வைப்பது.

2024-ல் ராப் பாடகர் ட்ரேக்குடன் மோதல் வந்த பிறகு ரசிகர்களின் கருத்து மாறியதா?

மாறியது, இரு திசையிலும். அந்த மோதலில் கென்ட்ரிக் 'நாட் லைக் அஸ்' பாடலில் ட்ரேக் மீது மிகக் கடுமையான குற்றச்சாட்டுகளை வைத்தார், ட்ரேக் மறுத்தார். அதே ஆண்டு நவம்பரில் 'ஜி.என்.எக்ஸ்' ஆல்பம் வந்தது. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை மேடையும் அவருடையதானது. உலகமே சேர்ந்து பாடும் கென்ட்ரிக் திரும்பிவிட்டார் என்று பழைய அதிருப்தியாளர்கள் மகிழ்ந்தார்கள். 'மிஸ்டர் மொரேல்' ஆல்பத்தில் பழிவாங்கும் மனத்தைக் கழுவிக்கொண்ட மனிதர் மறுபடி கத்தியை எடுத்துவிட்டாரே என்று வருந்தியவர்களும் உண்டு. கோடக் கேள்வியும் புதுக் கூர்மையோடு எழுந்தது: பிறர்மீது இப்படிக் குற்றம் சாட்டுகிறவர் அவரை எப்படிப் பக்கத்தில் வைத்தார்?

ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். ட்ரேக் தன் பதில் பாடலில் 'மதர் ஐ சோபர்' பாடலை இழுத்து, கென்ட்ரிக் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்பதுபோலப் பேசினார். பாடல் சொல்வது நேர் எதிர். இல்லை என்று அந்தச் சிறுவன் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை என்பதுதானே அதன் வலி! ஆல்பத்தை வெறுத்தவர்கள் உட்பட ஏராளமான ரசிகர்கள் உடனே அதைச் சுட்டிக்காட்டினார்கள். பிடிக்கவில்லை என்றவர்களும் அதை எவ்வளவு கவனமாகக் கேட்டிருந்தார்கள் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

நீங்கள் எப்போதும் தாண்டிப் போகும் பாடல் ஏதாவது உண்டா?

'ரிச்' என்ற இடைப்பாடல். கோடக் பேசும் பகுதி. ஆனால் அதன் அடியில் ஓடும் பியானோ டுவல் திமோதியுடையது. லண்டனிலும் சியரா லியோனின் ஃப்ரீடவுனிலும் வாழும் கலைஞர் அவர். ஆல்பம் முழுவதும் அவர் விரல்கள் படும் இடமெல்லாம் ஒரு ஈரம் இருக்கும். அந்தப் பியானோவுக்காகச் சில இரவுகளில் தாண்டாமல் விடுகிறேன். சில நொடிகளில் அந்தக் குரல் வந்துவிடுகிறது.